திறந்த வெளியும் நேர்வழியும்: ஒரு மீளாக்கம் பற்றிய வழக்கும் பழவேற்காட்டு நெய்தலும்

ஒரு கணிப்பொறி விளையாட்டைப் பற்றி அதன் விருப்பினர் நடத்தும் வழக்கினைத் தமிழாராய்ச்சி இதழொன்றில் எடுத்து ஆராய்தல் பொருந்துமோ என்று வினவுவார் இருக்கலாம். நாமும் முதற்கண் அவ்வாறே எண்ணினோம். பழவேற்காட்டு ஏரிக்கரையில் இரண்டு இரவுகள் அவ்வழக்கினைக் கேட்டபின் நம் எண்ணம் மாறிற்று. பேசப்பட்ட பொருள் புதிது. ஆயின் அதனுள் கிடந்த வினா நமக்குப் பழையது. நிலத்தை எவ்வளவு விரிப்பது, கதையை எவ்வளவு நடத்துவது, இவ்விரண்டனுள் எது எதனைத் தாங்குவது என்பதே அவ்வினா. தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பயின்ற எவர்க்கும் அது புதிதாகத் தோன்றாது.

நாம் அங்குச் சென்ற காரணத்தை முதலிற் கூறிவிடுகின்றோம். நெய்தல் நிலத்துத் தொழிற்சொற்களைத் தொகுக்கும் பொருட்டு முதுகலை மாணவர் சிலருடன் பழவேற்காட்டுக் குப்பங்களுக்குச் சென்றிருந்தோம். பகலெல்லாம் வலை, படகு, நீரோட்டம், மீன் ஆகியவை பற்றிய சொற்களைத் தாள்களிற் பொறித்தோம். இரவில் மாணவரும், அவர்தம் வயதினரான குப்பத்து இளைஞர் இருவரும் ஒரு மடிக்கணினியைச் சூழ்ந்து அமர்ந்தனர். அவ்விளைஞருள் ஒருவர் ஏரியில் தொழில் செய்பவர். மற்றவர் மீஞ்சூர்ப் பக்கத்து ஆலையொன்றிற்கு நாள்தோறும் சென்று வருபவர். அவர்கள் ஆடியதும் வழக்கிட்டதும் 'ஃபைனல் ஃபேன்டசி 7' என்னும் விளையாட்டின் மீளாக்கத்தைப் பற்றியே.

இவ்விளையாட்டினை அறியாதார்க்குச் சில செய்திகள் வேண்டும். 1997 சனவரியில் சப்பான் நாட்டு ஸ்கொயர் நிறுவனத்தார் பிளேஸ்டேசன் கருவிக்கென இதனை வெளியிட்டனர். இது பாத்திரமேற்று ஆடும் வகையைச் சார்ந்தது. ஆடுவோர் கிளவுட் என்னும் கூலி வீரனாக வேடம் பூண்டு, தோழருடன் உலகைச் சுற்றுகின்றனர். ஷின்ரா என்னும் நிறுவனம் நிலவுலகின் உயிராற்றலை உறிஞ்சி மின்னாக்கி விற்கின்றது. அதனை எதிர்ப்பதில் தொடங்கும் கதை, செஃபிராத் என்னும் வீரனைத் தேடிச் செல்லும் நெடும்பயணமாக வளர்கின்றது. தொடக்கத்துச் சில மணி நேரம் மிட்கார் என்னும் பெருநகரினுள் கழியும். அதன்பின் நகரின் எல்லை கடந்தவுடன் உலகப் பரப்பு முழுதும் கண்முன் விரியும். அவ்விரிவினைக் கண்ட நாளை இன்றும் பலர் நினைவு கூர்கின்றனர்.

மீளாக்கம் 2015-இல் அறிவிக்கப்பெற்றது. 2020 ஏப்ரல் 10-இல் 'ரீமேக்' என்னும் முதற்பகுதியும், 2024 பிப்ரவரி 29-இல் 'ரீபர்த்' என்னும் இரண்டாம் பகுதியும் வெளிவந்தன. மூன்று பகுதிகளில் முடிப்பதாகத் திட்டம். முதற்பகுதி பதினெட்டு இயல்களையும் மிட்கார் நகரினுள்ளேயே நடத்தி முடித்தது. பழைய ஆக்கத்தில் ஒரு மாலைப்பொழுதில் கடந்துவிடத்தக்க பகுதி தனி நூலாயிற்று. இரண்டாம் பகுதி நகருக்குப் புறத்தே புல்வெளி, ஜூனான், கோரல், கொங்காகா, காஸ்மோ கேன்யன், நிபெல் எனப் பரந்த நிலங்களைத் திறந்து வைத்தது. முன்னது நேர்வழி அமைப்பு. பின்னது திறந்த வெளி அமைப்பு. இங்கே வழக்குப் பிறந்தது.

ஒருசாரார் கூறுவது இது: பழைய விளையாட்டின் உயிர் அதன் உலகப் பரப்பில் இருந்தது, முதல் மீளாக்கம் அதனைச் சந்துகளிலும் இடைவழிகளிலும் அடைத்துவிட்டது, இரண்டாம் பகுதியே மூலத்திற்கு உண்மையாயிற்று. மற்றொருசாரார் மறுத்துரைப்பது: முதற்பகுதியில் ஒவ்வொரு காட்சியும் கதையோடு பிணைந்து நடந்தது; இரண்டாம் பகுதியிலோ கோபுரத்தை இயக்கு, ஊற்றைத் தேடு, விலங்கைக் கொல் என ஏவல்கள் மலிந்து கதை தளர்ந்தது. நம் மாணவரும் குப்பத்து இளைஞரும் இவ்விரு கட்சியாகப் பிரிந்து நின்றனர். மாணவருள் ஒருவர், மூலத்தின் பெருமை பரப்பில் இருந்ததென்றால் அதனை இத்துணைப் பேர் இருபதாண்டுக்கு மேலாக நினைந்திருப்பரோ என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு அன்று எவரும் விடை கூறவில்லை. நாம் கூற முயல்கின்றோம்.

விடை மூலத்திலேயே ஒரு சதுப்பு நிலத்தில் கிடக்கின்றது. மிட்காரை விட்டு வெளியேறியோர் காம் என்னும் ஊரிற் கிளவுடின் பழங்கதையைக் கேட்டு, பின் தெற்கே சதுப்பொன்றைக் கடத்தல் வேண்டும். அதில் மிட்கார் சோலம் என்னும் பெரும்பாம்பு உலவுகின்றது. நடந்து செல்வாரை அது விரட்டிப் பிடிக்கும். வலிமை போதாத அந்நிலையில் அதனோடு பொருவார் பெரும்பாலும் மாண்டொழிவர். ஆகவே அண்மையிலுள்ள பண்ணைக்குச் சென்று, சோகோபோ என்னும் பெரும்பறவையைப் பிடித்து ஊர்ந்து, பாம்பிற்குத் தப்பி விரைந்து கடப்பர். கடந்து அக்கரை சேர்ந்தவுடன் ஒரு காட்சி: அதே இனத்துப் பெரும்பாம்பொன்று கூரிய மரத்திற் குத்துண்டு தொங்குகின்றது. நாம் அஞ்சி ஓடிய ஒன்றனைச் செஃபிராத் கொன்று நாட்டிவிட்டுச் சென்றிருக்கின்றான். அவனது வலிமையைப் பற்றி ஆங்கு நெடிய உரை இல்லை, போர்க்காட்சியும் இல்லை. பாம்பு ஒன்றே பேசுகின்றது.

இதனைத் தமிழ் மரபில் நாம் என்னென்போம்? சதுப்பு முதற்பொருள், பாம்பும் பறவையும் கருப்பொருள், தொடர்வானுக்கும் தொடரப்படுவானுக்கும் இடையே விரியும் அச்சம் உரிப்பொருளின் நிலையில் நிற்பது. கருப்பொருளின் வழியாகச் சொல்லாத பொருளொன்று புறத்தே தோன்றுதலை இறைச்சி என்றனர். குத்துண்ட பாம்பு இறைச்சியே. கடக்கத்தக்க வழி ஒன்றே ஆதலின், திறந்த வெளி வேண்டுவார் இதனைத் தம் சான்றாகக் காட்டுதல் இயலாது. நிலத்தினூடே நாமே நடந்து, அஞ்சி, ஊர்தி தேடிக் கடந்தாலன்றி அப்பொருள் தோன்றாது ஆதலின், நேர்வழி வேண்டுவாரும் உரிமை கொண்டாட இயலாது. இரு கட்சியும் பரப்பை அளந்தன. அளக்க வேண்டியது வேறு.

முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் ஒன்றினொன்று சிறந்தது என்ற முறைவைப்பில் உரிப்பொருளையே தலைமையாகக் கொள்வது நம் மரபு. இதனைப் பலரும் நிலமும் கருவும் வெறும் பின்புலம் என்று பிறழ உணர்கின்றனர். அவ்வாறன்று. உரியைத் தாங்கும் கருவே கரு; தாங்காதது பட்டியல். சிலப்பதிகாரத்துக் கானல்வரி இதற்குச் சான்றாகும். கதையை விரைந்து நடத்த விரும்பும் ஒருவர் கானல்வரியை இடைச்செருகல் போல எண்ணக்கூடும். கடற்கரையில் இருவர் யாழிசைத்துப் பாடுகின்றனர்; அவ்வளவே நிகழ்ச்சி. ஆயின் கோவலனும் மாதவியும் பிரிவது அப்பாட்டினாலேயே. நெய்தல் நிலத்தின் பாட்டே கதையைத் திருப்பிவிடுகின்றது. அங்கே நிலம் கதைக்கு இடம் தருவதோடு நில்லாமல் கதையின் காரணமும் ஆகின்றது.

இவ்வளவுகோலைக் கொண்டு 2020-ஆம் ஆண்டு ஆக்கத்தை நோக்கினால் அதன்மேற் சாட்டப்படும் குற்றம் பெரிதும் நீங்கும். மிட்காரின் ஏழாம் வட்டத்துச் சேரியில் ஆடுவோர் காணாமற்போன பூனைகளைத் தேடித் தருகின்றனர். அண்டையார்க்குச் சில்லறை வேலைகள் செய்கின்றனர். சிறுமையென எள்ளப்பட்ட வேலைகள் இவை. பின்னர் அச்சேரியின் மேற்கவிந்த இரும்புத்தட்டு வீழ்கின்றபோது, வீழ்வது எத்தெருவின்மேல், எவ்வாயிலின்மேல் என்று நமக்குத் தெரியும். பரப்பு மிகக் குறுகியது. ஆயினும் கரு உரியைத் தாங்கிற்று. (அவ்வாக்கத்தின் இறுதிப் பகுதியில் ஊழின் உருவங்களோடு நிகழ்த்தும் நீண்ட போரை நாம் விரும்பவில்லை, அது வேறு வழக்கு.)

இரண்டாம் பகுதியை மதிப்பிடுதல் எளிதன்று. அதன் ஆக்கியோர் நிலங்களை ஒருதன்மையவாக விட்டுவிடவில்லை. ஜூனான் நிலத்துப் பறவை பாறையேறும். காஸ்மோ கேன்யன் நிலத்துப் பறவை பள்ளங்களின்மேல் மிதந்து செல்லும். நிலத்திற்கேற்ற ஊர்தி என்பது கருப்பொருள் அறிவே. இதனைப் பாராட்டாமல் விடுதல் நேர்மையன்று. ஆயின் ஒவ்வொரு நிலத்திலும் சாட்லி என்னும் சிறுவன் குரல் வந்து ஏவுகின்றது. இத்தனை கோபுரம், இத்தனை ஊற்று, இத்தனை விலங்கு. நிலம் மாறினும் ஏவல் மாறுவதில்லை. தண்டியலங்காரம் பெருங்காப்பியத்திற்கு மலை, கடல், நாடு, நகர், பருவம், ஞாயிறு திங்களின் தோற்றம் முதலிய வருணனைகளை வகுத்தது. அவ்விதியைப் பின்பற்றிய காப்பியங்களுள் சிலவற்றில் புலவன் நாட்டைக் கண்டு பாடினான். சிலவற்றில் விதியைக் கண்டு பாடினான். பின்னவற்றை மாணவர் புரட்டிக் கடந்து செல்வதை நாம் வகுப்பறையில் நாள்தோறும் காண்கின்றோம். இரண்டாம் பகுதியைக் குறைகூறும் விருப்பினர் செய்வதும் அப்புரட்டலே.

சதுப்பினையும் இப்பகுதி மீளப் பாடியுள்ளது. இங்கே பாம்போடு பெரும்போர் நிகழ்கின்றது. செஃபிராத்தின் ஆற்றலும் காட்சியாகக் காட்டப்படுகின்றது. வண்ணமும் ஒலியும் வியக்கத்தக்கன. ஆயினும் சொல்லாமற் சொன்னது சொல்லப்பட்டுவிட்டது. இறைச்சியை உரையாசிரியன் விளக்கலாம். புலவனே விளக்கிவிட்டால் பின் என்ன எஞ்சும்?

இனி ஜூனானுக்கு வருகின்றோம். அன்றிரவு வழக்கு உண்மையில் சூடு பிடித்ததும் பின்னர் அமைதியுற்றதும் அங்கேதான். கடற்கரைப் பாறையின்மேல் ஷின்ரா நிறுவனத்தார் எழுப்பிய படைநகர் ஜூனான். மாபெரும் பீரங்கியொன்று கடலை நோக்கி நீண்டிருக்கும். அதன் அடியில், நகரின் நிழலில், மீனவர் சிற்றூர் ஒன்று கிடக்கின்றது. மேலே நகர் எழுந்தபின் நீர் கெட்டு மீன் அற்றுப்போனதையும், ஊரார் மேல்நகருக்குக் குடிபெயர்ந்ததையும் எஞ்சியோர் சொல்கின்றனர். 1997-ஆம் ஆண்டு ஆக்கத்தில் இவ்வூர் மிகச் சிறியது, சில வீடுகளே. பிரிசில்லா என்னும் சிறுமி டால்பினோடு விளையாடுகின்றாள். கடல்விலங்கொன்று தாக்க, அவள் மூச்சடங்கி வீழ்கின்றாள். ஆடுவோர் அவளுக்கு மூச்சூட்டுகின்றனர். ஊர் மூதாட்டி ஒருத்தி தங்க இடந்தருகின்றாள். மேல்நகருக்குச் செல்லும் வழியைக் காவலர் அடைத்திருத்தலால், டால்பின் எம்பித் தூக்கிவிட, கம்பத்தைப் பற்றி ஏறுகின்றனர். வழி ஒன்றே. நேர்வழியினும் நேர்வழி. இருப்பினும் கெட்ட நீரும், அந்நீரை விட்டுப் போகாத ஓர் உயிரும், அதனோடு நட்புப் பூண்ட குழந்தையும் சேர்ந்து இரங்கலாகிய உரிப்பொருளை முற்றத் தருகின்றன. தலைவனைப் பிரிந்த தலைவியின் இரங்கல் அன்று இது. கடலைப் பிரிந்த ஊரின் இரங்கல்.

2024-ஆம் ஆண்டு ஆக்கத்தில் ஊர் வளர்ந்துவிட்டது. மக்களுக்குப் பெயரும் குரலும் கிடைத்துள்ளன. ரோண்டா என்னும் ஊர்த்தலைவி உளள். டால்பினின் துணையோடு நீரில் விரையும் ஆட்டமும் உண்டு. ஊரார் வேண்டும் உதவிகளும் சில உள. அவை நல்லன. ஆயின் ஊரெல்லை கடந்தவுடன் சாட்லியின் கணக்கு தொடங்கிவிடுகின்றது. கோபுரங்களை இயக்குதலால் ஊருக்கு மீன் வருவதில்லை. ஊரின் துயரத்தால் கோபுரக் கணக்கு கூடுவதோ குறைவதோ இல்லை. அடுத்தடுத்துக் கிடக்கும் இரண்டும் ஒன்றையொன்று அறியமாட்டா.

ஆலைக்குச் செல்லும் இளைஞர் இக்காட்சியைக் கண்டு, "மேல துறைமுகம், கீழ குப்பம், இது எங்க கதைதானே சார்" என்றார். எண்ணூருக்கும் பழவேற்காட்டிற்கும் இடைப்பட்ட கரையில் 2013 முதல் இயங்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தையும், அதன் விரிவாக்கத் திட்டத்திற்குக் குப்பத்தார் காட்டிவந்த எதிர்ப்பையும் அறிந்தார்க்கு அவர் சொன்னதில் வியப்பில்லை. அவர் திறந்த வெளிக் கட்சியினர். ஊரைப் பெரிதாகக் காட்டியமையாலேயே இவ்வாக்கம் உயர்ந்தது என்பது அவர் கொள்கை. ஏரியில் தொழில் செய்பவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின் ஒன்று கேட்டார்: "இத்தன பெரிய ஊருல பாடு யாரு பிரிச்சு விடறது?"

மாணவர் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. அன்று பகலில்தான் அச்சொல்லைத் தாளிற் பொறித்திருந்தோம்.

பழவேற்காட்டு ஏரி இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சில்காவிற்கு அடுத்த பெருமையுடையது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் அமைந்தது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் கொணர, முகத்துவாரம் கடல்நீரைக் கொணர்கின்றது. கரையில் நின்று நோக்குவார்க்கு எல்லையற்ற திறந்த வெளியாகவே தோன்றும். இறங்கிப் பார்த்தால் தெரியும். பல இடங்களில் நீர் இடுப்பளவும் இல்லை. நாம் சென்ற படகு முதல்நாளே சேற்றில் தட்டி நின்றது. படகோட்டி கழி ஊன்றிப் பெயர்த்து, நம் கண்ணுக்குப் புலப்படாத ஓடை ஒன்றன் வழியே செலுத்தினார். திறந்த நீரிலும் வழி உண்டு. அதனை அறிந்தார்க்கே அது வெளி.

வழி மட்டுமன்று, முறையும் உண்டு. கழி நட்டு இறால் வலை கட்டுதற்குரிய இடங்கள் பாடு எனப்படும். எல்லாப் பாடும் எல்லா நாளும் எல்லார்க்கும் உரியனவல்ல. உரிமையுடைய குடும்பத்தார் சீட்டெடுத்து முறை வகுத்து, நல்ல இடமும் மெலிந்த இடமும் ஒருவர்க்கே நிலைத்துவிடாதவாறு மாறிமாறித் தொழில் செய்வர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் வழங்கிவந்த இம்முறையினை ஆராய்ந்த நூலொன்று உணவு வேளாண்மை அமைப்பின் வெளியீடாக 1991-இல் வந்துள்ளது. மீன்வள அறிஞர் அதனைப் பொருளாதார ஒழுங்காகக் கண்டனர். நமக்கு அச்சொல் பிறிதொன்றும் காட்டுகின்றது.

படு என்னும் அடியிற் பிறந்த இச்சொல் குப்பத்து வழக்கில் வலையிடும் இடத்தைக் குறிக்கின்றது. அவ்விடத்திற்குரிய முறையையும் குறிக்கின்றது. மீன்பாடு எனும்போது வலையிற் பட்ட அளவு. பாடுபடுதல் எனும்போது உழைப்பும் துன்பமும். இடம், முறை, பேறு, உழைப்பு ஆகிய நான்கும் ஒரு சொல்லில் அடங்கிக் கிடக்கின்றன. நெய்தலுக்குச் சிறுபொழுதாகத் தொல்காப்பியர் கூறிய எற்பாடு என்னும் சொல்லிலும் இதே பாடு நிற்பதைக் காண்க. ஞாயிறு சாயும் பொழுதெனப் பலர் அதற்குப் பொருள் கொள்வர். இவையெல்லாம் ஒரே காலத்தில் ஒரே பொருளில் தோன்றியவை என்று நாம் வாதிடவில்லை. நெய்தலில் இடத்தைச் சொல்லும் சொல்லே அதன் வாழ்வையும் சொல்லிவிடுகின்றது என்பதே நாம் குறிப்பது.

ஆகவே அவ்விளைஞர் கேட்ட கேள்வி வேடிக்கையன்று, திறனாய்வு. ஊரைப் பெரிதாக வரைந்தீர், மக்களை நிரப்பினீர், பேசவைத்தீர். நீர் கெடுமுன் அவர்கள் எவ்விடத்தில் எம்முறையில் வலையிட்டனர்? நீர் கெட்டபின் அம்முறை என்னாயிற்று? முறை இருந்ததாகக் காட்டினாலன்றோ அது அழிந்தமைக்கு இரங்க முடியும். பழைய ஆக்கமும் இதனைக் காட்டவில்லை என்று நேர்வழிக் கட்சியினரான மாணவர் எதிருரைத்தார். உண்மை. ஆயின் சில வீடுகளே கொண்ட ஊரைக் காட்டியவன் நம்மிடம் பெற்ற நம்பிக்கை சிறிது. அதனைச் சிறுமியாலும் டால்பினாலும் நிறைத்துவிட்டான். பரப்பை விரித்தவன் அவ்விரிவிற்கு ஏற்ற முறையையும் காட்டக் கடமைப்படுகின்றான். விரிவு தானே ஒரு வாக்குறுதி. சாட்லியின் கணக்கு அவ்வாக்குறுதிக்குக் கொடுத்த பொய்ப்பணம்.

வழி ஒன்றாயிருந்தும் நிலம் உயிரோடிருத்தல் இயலும் என்பதற்குத் தமிழில் ஆற்றுப்படையினும் சிறந்த சான்று இல்லை. வகையின் பெயரே வழிப்படுத்தல் என்பது. சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் பாணனை நல்லியக்கோடனிடம் ஒரே நெறியில் அனுப்புகின்றார். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர்கள் வரிசையில் நிற்கின்றன. பாணன் எங்கும் விலகித் திரிவதில்லை. ஆயின் எயிற்பட்டினத்தில் பரதவர் மீன் சுட்டுக் கொடுக்கின்றனர். வேலூரில் எயிற்றியர் புளிச்சோறும் இறைச்சியும் தருகின்றனர். ஆமூரில் உழவர் வீட்டில் சோற்றோடு நண்டு கிடைக்கின்றது. ஒவ்வொரு நிலத்தாரும் தம் பாட்டால் வந்ததனைத் தருகின்றனர். பாணன் அவர்க்கு எந்த ஏவலும் செய்து கொடுக்கவில்லை. அவன் வருமுன்னும் அவர்கள் உண்டனர், அவன் போனபின்னும் உண்பர். வருவானுக்கு முன்னும் பின்னும் நிலத்திற்கு வாழ்வு உண்டென்ற உணர்வைப் புலவர் ஒரு வேளை உணவால் உண்டாக்கிவிடுகின்றார். திறந்த வெளியை ஆக்குவோர் இத்துணைப் பொருட்செலவில் தேடுவதும் அவ்வுணர்வையே என்று கருதுகின்றோம்.

மூலத்தின் அமைப்பையும் இவ்வொளியில் மீண்டும் நோக்கலாம். அது முழுதும் திறந்ததன்று. முழுதும் நேரியதும் அன்று. சதுப்பைக் கடக்கப் பறவை வேண்டும். பின்னர்க் கிடைக்கும் உடைந்த வானூர்தி பறக்கமாட்டாது. ஆழமற்ற நீரில் மட்டும் ஓடமாகச் செல்லும். (இதனைக் கண்ட ஏரித் தொழிலாளர் மிக மகிழ்ந்தார், ஆழமற்ற நீரின் அருமை அவர் அறிந்ததன்றோ.) இறுதியில் வான்கப்பல் கிடைத்து உலகெங்கும் வழி திறக்கின்றது. எப்போது? ஏரித் என்னும் தோழி இறந்தொழிந்தபின். வானத்தினின்று அழிவு இறங்கிவரும் காலத்தில். அக்கப்பலை அடைவதும் ஜூனானிலேயே. நிலம் விரியவிரிய இரங்கலும் விரியுமாறு வைத்த அவ்வைப்பு முறையினை, மூலத்தைப் போற்றுவோர் பலர் உணர்ந்தும் பெயரிட்டுச் சொல்லவில்லை. எல்லாம் திறந்த நாளில் போக எங்கும் மகிழ்ச்சியில்லை. அப்பரப்பினை ஆடுவோர் இருபதாண்டு கடந்தும் மறவாமைக்கு இதுவே காரணம் என்பது நம் துணிபு. மாணவர் கேட்ட கேள்விக்கு நம் விடையும் இதுவே.

இவ்வழக்கினை நாம் இவ்வளவு நீட்டியதற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. அது நம் துறையைப் பற்றியது. நெய்தலுக்குத் தெய்வம் வருணன், உணவு மீனும் உப்பும் விற்றுப் பெற்றவை, பறை மீன்கோட்பறை, யாழ் விளரி, பூ நெய்தலும் தாழையும் என்று கட்டம் வரைந்து நிரப்பச் சொல்லி மதிப்பெண் வழங்குவோர் நாமே. இத்தனை தெய்வம், இத்தனை பறை, இத்தனை யாழ். சாட்லியின் குரலுக்கும் நம் வினாத்தாளுக்கும் வேறுபாடு சிறிதே. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் நூறும், கலித்தொகையில் நல்லந்துவனார் பெயரால் வழங்கும் நெய்தற்கலியும் முதுகலை மாணவர்க்குப் பெரும்பாலும் இக்கட்டங்களை நிரப்பும் சான்றுகளாகவே சென்று சேர்கின்றன. நம்முடன் வந்த மாணவருள் மீன்கோட்பறையைச் சொல்லத் தெரியாதார் எவரும் இல்லை. ஏரியில் இறங்கியபோது நீரோட்டம் எப்பக்கம் என்று சொல்லத் தெரிந்தாரும் எவரும் இல்லை. ஆசிரியராகிய நாமும் அதற்கு விலக்கல்லோம்.

பாட்டு முறையைப் புகழ்ந்துரைத்த நாம் அதன் மறுபக்கத்தை மறைத்தல் ஆகாது. அம்முறை உரிமையுடையார்க்கே முறை. அவ்வுரிமை பட்டினவர் குடும்பத்து ஆடவர்க்கே பெரிதும் உரியதாயிருந்தது. அவ்வட்டத்திற்குப் புறம்பாக இருளர் நீரில் இறங்கிக் கைகளாற் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கின்றனர். பெண்டிர் மீன் விற்றும் கருவாடு உலர்த்தியும் ஏரியால் வாழ்கின்றனர். அவர் பெயரில் சீட்டு இல்லை. உரிமை பற்றிய பூசல்களும் ஏரியில் எழுந்துள்ளன. ஆகவே முறை காட்டுக என்று விளையாட்டை ஆக்குவோரை நாம் வேண்டும்போது, ஒழுங்கினை மட்டுமன்றி அவ்வொழுங்கு வெளியே நிறுத்தியவர்களையும் காட்டுக என்றே வேண்டுகின்றோம். சங்க நெய்தற் பாடல்களில் பரதவரும் உமணரும் நன்கு தோன்றுகின்றனர். கையால் துழாவுவார் அந்நிலத்தில் எங்கே நின்றனர் என்பது தனியே ஆராயத்தக்கது. நம் மாணவர் ஒருவர் அதனைத் தம் ஆய்வேட்டிற்குத் தலைப்பாகக் கொள்ள முன்வந்துள்ளார்.

இரண்டாம் நாள் இரவு வழக்கு முடிவுறவில்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்து வருவதாகவும், விடியுமுன் சென்று பார்க்க வேண்டுமென்றும் சொல்லி ஏரித் தொழிலாளர் எழுந்தார். அது அடைபட்டால் கடல்நீர் உட்புகாது. இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் ஏரிக்குள் வாரா. பாடு இருந்தும் பயனில்லை. மடிக்கணினியில் ஜூனான் கரை அசையாது நின்றது. மாணவர் அதனை மூடிவிட்டு, தாமும் விடியலில் உடன் வரலாமா என்று கேட்டனர்.